கழுத்தில் கிடந்த கையொப்பங்கள்

கோடம்பாக்கம் என்றதும் வெளியூர் அன்பர்களுக்குத் திரைப்படக் கூடங்கள்தாம் நினைவுக்கு வரும். இங்கேயே குடியிருக்கும் நமக்கோ, இது ஊர்விட்டு வந்தோரின் ஊர் என்பதே முதலில் தோன்றும். தேனியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கதைகளைச் சுமந்து வந்து, ஓர் அறையில் நால்வர் ஐவராய்ப் படுத்தெழும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். தேநீர்க் கடை வாசலில் நின்று கைப்பேசியில் தாயிடம், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சிரித்துச் சொல்லிவிட்டு, பேச்சு முடிந்தபின் நெடுநேரம் சாலையையே பார்த்தபடி நிற்பவர்களையும் கண்டிருக்கிறோம். தனிமையின் முகம் இத்தெருக்களுக்குப் புதிதன்று.

ஆயினும், மறைபரப்புப் பணிக்கென ஊர்விட்டுச் செல்பவர்களுக்கும் அதே முகம் உண்டு என்பதை நாம் எளிதில் ஒப்புவதில்லை. அவர்களுக்கு மாலை சூட்டி, திருப்பலியில் பெயர் சொல்லி மன்றாடி, இரயிலேற்றி விடுகிறோம். அதன்பின் அவர்கள் சுரூபங்களைப் போல அசையாதிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவைச் சேர்ந்த அருள்சகோதரி ஒருவர், வடகிழக்கு மலைநாட்டுப் பணித்தளம் ஒன்றிலிருந்து எதிர்பாராத வேளையில் வீடு திரும்பினார். உடலில் நோயென்று எதுவும் தென்படவில்லை. ஆனால் பேச்சு அற்றுப்போயிருந்தது. உணவு செல்லவில்லை. வாசலில் யாரேனும் அழைத்தால் திடுக்கிட்டார். "செபம் குறைஞ்சு போச்சுபோல" என்று அண்டை வீட்டுப் பெரியம்மா சொன்னது தெரு முழுதும் பரவிற்று. நாமும் அவரைப் பார்க்கச் சென்றோம். "எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்திடுங்க, சிஸ்டர்" என்று சொன்னோம். நற்செயலொன்று புரிந்த நிறைவோடு எழுந்தபோது அவர் மெல்லிய குரலில் சொன்ன மறுமொழி இதுதான்: "ஒப்புக்கொடுத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். ஆனா ராத்திரியில தூக்கம் வரலையே."

நமக்கு விடை தெரியவில்லை. அந்த மறுமொழிதான் நம்மைப் பழைய மடல்களின் பக்கம் திருப்பியது. இவ்வாறு தூங்காதிருந்தவர்கள் நமது திருச்சபையின் வரலாற்றில் முன்னரும் இருந்தார்களா என்று தேடத் தொடங்கியபோது, தேடல் நெடுந்தொலைவு செல்லவில்லை. கோடம்பாக்கத்திலிருந்து பேருந்தேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய மயிலையிலேயே அது போய் நின்றது.

புனித பிரான்சிஸ்கு சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று, தம் முப்பத்தைந்தாவது பிறந்த நாளில், லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 1542 மே 6 அன்று கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதி மாதங்களில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணியடித்துக்கொண்டு தெருவெங்கும் சென்று சிறாரைக் கூட்டியதும், திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்ததும் நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டவை. அதே கையால் அவர் 1544-ஆம் ஆண்டில் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட சிறு மடல்களை நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை. அவை உலகுக்கென எழுதப்பட்ட மடல்கள் அல்ல. மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், அடுத்த ஊரில் இருக்கும் தோழருக்கு அவசரமாகக் கிறுக்கி அனுப்பியவை. ஆகவேதான் அவற்றில் மனிதர் தெரிகிறார்.

ஆகஸ்டு மாதம் புன்னைக்காயலிலிருந்து எழுதிய மடலொன்றில் அவர் தம் நிலையை ஏறத்தாழ இவ்வாறு விவரிக்கிறார்: மொழிபெயர்ப்பாளராகிய அந்தோனி நோயுற்று மணப்பாட்டில் கிடக்கிறார். இம்மக்களிடையே தாம் தனியராக இருக்கிறார். தாம் பேசுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. அவர்கள் பேசுவதோ தமக்கு இன்னும் விளங்குவதில்லை. இந்நிலையில் எத்தகைய வாழ்க்கை வாழ்கிறார், எத்தகைய அறிவுரை வழங்குகிறார் என்பதைத் தோழரே ஊகித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஏழைகளின் தேவையை அறிந்துகொள்ளவும் வேண்டியதில்லை, பார்த்தாலே புரிந்துவிடுகிறது. இம்மடலில் நகைச்சுவையும் உண்டு, அதன் அடியில் அயர்ச்சியும் உண்டு. பாரிசுப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் போதித்த ஒருவர், பேச்சற்றவராக, கைச்சாடையால் நாளைக் கடத்துகிறார். மொழியில்லாத இடத்தில் மனிதன் மீண்டும் குழந்தையாகிறான். குழந்தைக்காவது தாய் அருகிலிருப்பாள்.

அவ்வாண்டு அவர் கண்ட துயரம் மொழித் துயரம் மட்டுமன்று. ஜூன் மாதத்தில் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. மக்கள் குமரிமுனையருகே கடற்பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தடித்தது, சென்றுசேர இயலவில்லை. இன்னொரு புறம், தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தான் கோஸ்மே தெ பைவா குதிரை வணிகத்தில் கண்ணாயிருந்து, தன் பாதுகாப்பிலிருந்த பரதவ மக்களை வருத்தினான். தன் சொந்த நாட்டவன், தன் சொந்தச் சமயத்தவன் செய்யும் அநீதியைப் போல ஒரு பணியாளனை உடைப்பது வேறில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. (அந்தக் கப்பித்தானின் வீடும் பொருளும் பின்னர் எரிந்து அழிந்தபோது, உடனே சென்று அவனுக்கு உதவுமாறு மன்சிலாசை ஏவியவரும் சவேரியாரே.) அவ்வாண்டின் மடலொன்றில், வாழ்வதே சலித்துவிட்டது, இதைவிட மறைக்காக மடிவதே மேல் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். பீடத்தில் கையில் சிலுவையோடு நிற்கும் சுரூபத்தின் வாயிலிருந்து இச்சொற்கள் வருவதை நினைத்துப் பார்ப்பது நமக்குக் கடினம். ஆனால் எழுதியவர் அவர்தாம்.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. அத்துணைத் துயரையும் தாங்கிய சவேரியார், தம் தோழரின் தளர்ச்சியைப் புரிந்துகொண்டாரா? மன்சிலாசு கூர்மதியினர் அல்லர், பொறுமையும் குறைவு. அவருக்குச் சவேரியார் மீண்டும் மீண்டும் எழுதுவதெல்லாம், மக்களிடம் தந்தையைப் போல் நடந்துகொள்ளும், அவர்கள் உம்மை நேசிக்கும்படி செய்யும், உத்தரிக்கும் இடத்து வேதனையை இப்போதே கழித்துவிடுவதாக எண்ணிக்கொள்ளும் என்பவையே. இறுதி அறிவுரையால் மன்சிலாசின் இரவுகள் எளிதாகியிருக்குமா என்பது ஐயமே. பின்னர் மலுக்குத் தீவுகளுக்குப் போகுமாறு வந்த கட்டளையை அவர் ஏற்கவில்லை. 1548-இல் சவேரியார் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்ட அம்மனிதர் கொச்சியில் வாழ்ந்து, தம்மை விலக்கியவரின் மடல்களைப் பாதுகாத்து வைத்திருந்தார். நாம் இன்று அவற்றைப் படிக்க முடிவது அதனால்தான். புனிதர்களுக்கும் பிறர் மனத்தை அளப்பதில் பிழை நேரலாம் என்று நாம் எண்ணுவது மரியாதைக் குறைவாகாது.

1545-ஆம் ஆண்டில் சவேரியார் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். மன்னாரில் புதிதாகத் திருமறை தழுவியோரைக் கொன்றதற்காக யாழ்ப்பாண மன்னன்மீது போர்த்துக்கீசியர் படையெடுக்கவிருந்தனர். அதைச் சவேரியாரும் விரும்பினார். இன்று நம் மனச்சான்றுக்கு நெருடலான செய்திதான் அது. கரையொதுங்கிய கப்பலொன்றின் சரக்கு அம்மன்னன் கையில் சிக்கியிருந்ததால், வணிக நலன் கருதிப் படையெடுப்பு கைவிடப்பட்டது. ஓராண்டு உழைப்பின் முடிவில் அவர் கண்டது இதுதான். எங்கே போவது, எதைத் தொடர்வது, எதை விடுவது என்ற கேள்விகளோடு ஏப்ரல் மாதத்தில் அவர் மயிலைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்து மயிலையை நாம் சற்றே கற்பனை செய்துகொள்ளலாம். இன்று வானளாவி நிற்கும் சாந்தோம் பேராலயம் அன்று இல்லை. அது 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. அவ்விடத்தில் போர்த்துக்கீசியர் எழுப்பிய சிறு கோவில் ஒன்றும், திருத்தூதர் தோமையாரின் கல்லறையும், பக்கத்தில் பங்குத்தந்தையின் வீடும் தோட்டமும் இருந்தன. பங்குத்தந்தையின் பெயர் காஸ்பர் கொயெல்யோ. சவேரியாரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். நான்கு மாதங்களுக்கு மேல், ஆகஸ்டு இறுதியில் மலாக்காவுக்குக் கப்பலேறும் வரை, அவ்வீட்டிலேயே சவேரியார் இருந்தார். இடையறாது ஓடிக்கொண்டிருந்த அந்தப் பத்தாண்டில் இவ்வளவு நீண்ட நாள் ஒரே கூரையின்கீழ், ஒரு நண்பரோடு, அவர் தங்கியது மிக அரிது.

அந்நாட்களில் அவர் செய்தவை இரண்டு. பகலில் ஊராரோடு பழகினார். அங்கிருந்த போர்த்துக்கீசியர் பலரின் குடும்ப வாழ்வைச் சீர்செய்தார். சுவான் தெ எய்ரோ என்னும் வணிகர் அங்கேதான் அவரோடு சேர்ந்துகொண்டார். இரவிலோ, வீட்டார் உறங்கியபின் தோட்டத்து வழியே கோவிலுக்குள் சென்று கல்லறையருகே விழித்திருந்தார். ஒருநாள் இரவு அடிவிழும் ஓசையும், அன்னை மரியாவைத் துணைக்கு அழைக்கும் அவர் குரலும் கேட்டதாகவும், அலகைகள் அவரைத் தாக்கியதாகவும், அதன்பின் இரண்டு நாள் அவர் படுத்த படுக்கையாய்க் கிடந்ததாகவும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அதை எவ்வாறு பொருள்கொள்வது என்பதை நாம் வாசகரிடமே விட்டுவிடுகிறோம். அக்கால மக்கள் கைக்கொண்ட சொல் அது. நம் காலத்து மருத்துவச் சொல்லை நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர்மேல் ஒட்டிப் பார்ப்பதும் முறையாகாது. நம் மனத்தைக் கவர்வது அதற்கடுத்த செய்தி. விடிந்தபின் விவரம் அறிந்த கொயெல்யோ, சவேரியார் இரவில் அன்னையை அழைத்த அதே சொற்களை அவர்முன் திருப்பிச் சொல்லிக் கேலி செய்தாராம். சவேரியார் நாணிச் சிரித்தாராம். நண்பன் ஒருவன் பக்கத்திலிருப்பதன் பயன் அதுதான். இரவின் அச்சம் பகலில் சிரிப்பாகிறது. தனிக்குடிசையில் கிடப்பவனுக்கு அது அச்சமாகவே நின்றுவிடும்.

மே 8 அன்று மயிலையிலிருந்து கோவாத் தோழர்களுக்கு எழுதிய மடலில், மலாக்கா செல்லும் முடிவையும் தமக்குக் கிடைத்த உள்ள ஆறுதலையும் அவர் தெரிவிக்கிறார். முடிவு ஏப்ரலில் வந்திறங்கிய உடனே எடுக்கப்பட்டதன்று. உள்ளம் இருண்டிருக்கும் வேளையில் முன்னைய முடிவுகளை மாற்றாதே என்பது இஞ்ஞாசியார் ஆன்மீகப் பயிற்சிகளில் வகுத்த விதி. அதே நூலில் இன்னொரு விதியும் உண்டு. தீய ஆவி கள்ளக் காதலனைப் போன்றது, தன் சொற்கள் மறைவாகவே இருக்கவேண்டுமென விரும்பும், நம்பத்தக்க ஒருவரிடம் அவற்றை வெளிப்படுத்திய கணமே அதன் சூழ்ச்சி முறிந்துவிடும் என்பது அது. உளநல மருத்துவர்கள் இன்று நோயாளியிடம் முதலில் கேட்பதும் அதைத்தானே: இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

மயிலையிலிருந்து மலாக்கா, அங்கிருந்து அம்போன் தீவு. 1546 மே 10 அன்று அங்கிருந்து ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதும்போது சவேரியார் ஒரு செய்தியைச் சொல்கிறார். அவர்கள் தமக்கு எழுதிய மடல்களிலிருந்து, அவரவர் கைப்பட இட்ட பெயர்களை மட்டும் கத்தரித்தெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுத் தாளோடு சேர்த்துத் தம்மோடு எப்போதும் வைத்திருப்பதாகவும், அதனால் பெரும் ஆறுதல் அடைவதாகவும் எழுதுகிறார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக்கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில் அவர் உயிர்நீத்தபோது கழுத்தில் ஒரு சிறு சிமிழ் கிடந்தது. அதற்குள் இருந்தவை மூன்று: வார்த்தைப்பாட்டுத் தாள், இஞ்ஞாசியாரின் கையொப்பம், திருத்தூதர் தோமையாரின் எலும்புத் துகள் ஒன்று. மூன்றாவது நம் மயிலையின் பொருள். முதலாவது அவருடைய கடமை. இடையில் இருந்தது ஒரு நண்பரின் கையெழுத்து.

சவேரியார் விட்டுச்சென்ற கடற்கரைக்கு 1547-இல் வந்தவர் அன்றிக் அடிகளார் என நம்மவர் அழைக்கும் என்றிக்கே என்றிக்கெசு. உடல் வலிவற்றவர், வயிற்று நோயாளி. போர்த்துக்கலில் யூதக் குடிவழியினர் என்பதால் சபைக்குள்ளேயே ஐயப்பார்வைக்கு ஆளானவர். எந்த உளநல அறிஞரும் அவரை இப்பணிக்குத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். அவரோ ஐம்பதாண்டுகளுக்கு மேல் அக்கரையிலேயே இருந்து, 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். அவரைத் தாங்கியது எது? நாம் அறிந்தவரை தமிழ்தான். சவேரியார் செபங்களை மனப்பாடம் செய்தார். அன்றிக் அடிகளோ வினைச்சொற்களின் விகுதிகளையும் வேற்றுமைகளையும் ஒன்றொன்றாய்க் குறித்துக்கொண்டு இலக்கணமே வகுத்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மக்களோடு பேசத் தொடங்கியபின் அவர் மடல்களின் தொனியே மாறிவிடுகிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 1579-இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம், 1586-இல் வெளிவந்த அடியார் வரலாறு ஆகியவற்றைத் தமிழ் அச்சின் வரலாறாகவே நாம் போற்றிவருகிறோம். ஒரு மனிதர் தம் தனிமையை வென்ற வரலாறாகவும் அவற்றைக் கொள்ளலாம். புன்னைக்காயலில் அவர் அமைத்த மருத்துவமனைக்கு ஊர் மக்களே பொருளுதவினர். கொடுப்பவராக மட்டும் இல்லாமல், மக்களிடமிருந்து பெறுபவராகவும் இருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியின் துன்பம் வேறு வகையானது. 1606-இல் மதுரை வந்த அவருக்கு மொழி தடையாக இருக்கவில்லை. காவியுடுத்து, ஒருவேளை மரக்கறி உணவுண்டு, சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். மதுரை மக்கள் அவரை ஏற்றனர், சொந்த உடன்பிறப்புகள் ஏற்கவில்லை. அதே ஊரில் முன்பே பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அவர்மீது முறையீடு எழுதினார். கோவாப் பேராயர் எதிர்த்தார். உரோமையில் உறவினரான கர்தினால் பெல்லார்மினும் முதலில் வருந்தி எழுதினார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் அவர் தம் உடைக்காகவும் நெற்றிச் சந்தனத்துக்காகவும் மறுமொழி கூற வேண்டியிருந்தது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளிக்கும் வரை, பத்தாண்டுகளுக்கு மேல் அவர் ஐயத்தின் நிழலிலேயே வாழ்ந்தார். சிறைவாசத்தைவிட அதுவே கொடியது என்று நாம் கருதுகிறோம். பகைவன் அடித்தால் பெருமையாவது மிஞ்சும்.

அந்த ஆண்டுகளில் அவர் நிலைகுலையாமைக்குக் காரணம் உண்டு. மறைமாநிலத் தலைவர் அல்பெர்த்தோ லயெர்சியோ அவரை நம்பினார். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோசு அவருக்காகப் பரிந்தெழுதினார். அந்தோனியோ விக்கோ என்னும் தோழர் அவருடனேயே அதே உடையில், அதே உணவில் வாழ்ந்து, வாதங்களை எழுதித் துணைநின்றார். மூவரே. ஆனால் மூவர் போதுமானவர்களாயிருந்தனர். நொபிலி தம் இறுதி ஆண்டுகளை மயிலையில்தான் கழித்தார். பார்வை ஏறக்குறைய அற்றுவிட்டது. போர்த்துக்கீசியர் குடியிருப்புக்கு வெளியே ஒரு குடிசையில், தமக்கு உதவிய தமிழர் சிலரோடு, பழைய மரக்கறி உணவையே உண்டுகொண்டு, நூல்களைச் சொல்லச் சொல்ல எழுதுவித்துக்கொண்டு, 1656 ஜனவரி 16 அன்று காலமானார். அந்தக் குடிசையை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. முதுமையில் எவரோடு இருப்பது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அது.

தலைமையகத்திலிருந்து வரும் ஒரு மடல் எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு நம் அண்டைச் சபையின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. தரங்கம்பாடி வந்த லூத்தரன் குரு சீகன்பால்கு, 1708-இல் டேனிய ஆளுநரால் நான்கு மாதம் சிறையிடப்பட்டபோதும் தளரவில்லை. பிற்காலத்தில் கோபன்ஹேகனில் அமர்ந்திருந்த மிஷன் செயலாளர் வென்ட், செலவையும் இல்லறத்தையும் குறைகூறி எழுதிய கடிதங்கள் அவரை முறித்தன. 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில், அவர் இறந்தார். நோய் முன்னரே இருந்தது உண்மையே. அக்கடிதங்கள் அதை விரைவுபடுத்தின என்றே வரலாற்றாசிரியர் பலர் எண்ணுகின்றனர்.

அடுத்த நூற்றாண்டில் நிறுவனங்கள் மெல்ல அறிவு பெற்றன. 1838-க்குப் பின் மதுரை மறைத்தளத்தை மீண்டும் ஏற்ற பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள், ஒருவர் ஓர் ஊரென்று தனித்தனியே சிதறி வாழ்ந்து, காய்ச்சலாலும் காலராவாலும் இளமையிலேயே மடிந்தனர். திருச்சியில் பெரும்பணியாற்றிய லூயி கார்னியே அடிகளும் 1843-இல் மறைந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சீர்திருத்த சபையார் தம்மவரின் சாவுகளைக் கண்டு, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். கத்தோலிக்கக் குருக்களும் அம்மலையை நாடினர். சலேத் மாதா ஆலயம் 1866-இலும், செண்பகனூர்த் திரு இருதயக் கல்லூரி 1895-இலும் எழுந்தன. குளிர்ந்த காற்று உடலுக்கு நல்லது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். ஆண்டுக்கு ஒருமுறை தம் மொழியில் வாய்விட்டுச் சிரிக்கவும், உண்ணவும், சண்டையிடவும் ஓர் இடம் கிடைத்தது என்பது சொல்லப்படாத காரணம்.

நம் காலத்தில் இதுபற்றி வாய்திறந்து பேச வழிவகுத்தவர் கொல்கத்தாவின் புனித அன்னை தெரசா. அவர் மறைவுக்குப் பத்தாண்டுகள் கழித்து, 2007-இல் அவருடைய தனிமடல்கள் நூலாக வெளிவந்தன. சேரிப்பணியைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஆண்டுக்கணக்கில் உள்ளத்தே இருளைச் சுமந்தவர் என்பதை உலகம் அறிந்து திகைத்தது. அவருடைய இருள் ஆன்மீக அனுபவம், அதை மனச்சோர்வு நோய் என்று கூறுவது அறியாமை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். அவர் அதைப் பேராயர் பெரியேயிடம் சொன்னார். பின்னாளில் கர்தினாலான லாரன்சு பிக்காச்சி அடிகளிடம் சொன்னார். 1961-இல் ஜோசப் நாய்னர் அடிகளிடம் எழுதிக் கொடுத்தார். அவர் அதன் பொருளை விளக்கியபின்தான் அந்த இருளையே நேசிக்கக் கற்றுக்கொண்டதாக அன்னை எழுதினார். இருளில் இருந்தார், ஆனால் ஊமையாய் இருக்கவில்லை.

இதுவரை சொன்னவை, பெரும்பாலும் கடல்கடந்து நம்மிடம் வந்தோரின் கதை. இன்று ஆறு திசைமாறி ஓடுகிறது. தமிழகத்துப் பங்குகளிலிருந்து குருக்களும் சகோதரிகளும் சார்க்கண்டுக்கும் அருணாச்சலத்துக்கும் போகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறார்கள். செர்மனியிலும் இத்தாலியிலும் முதியோர் மட்டுமே மீந்துள்ள பங்குகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். நமக்கு அண்டையிலுள்ள இலயோலாக் கல்லூரியை 1925-இல் தொடங்கியவர் பெர்ட்ரம் அடிகள் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் நாட்டுக் கோவில்களில் இன்று நம் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியில் மறையுரை ஆற்றுகிறார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் பனிக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், ஐந்து கோவில்களுக்கு ஒரே குருவாக, இரவில் தானே சூடுசெய்த உணவைத் தனியே உண்ணும் இளைஞனை நாம் நினைப்பதில்லை. அவன் விடுமுறையில் வரும்போது, ஊர்க் கோவில் கூரைக்கு எவ்வளவு தருவான் என்றல்லவா கணக்கிடுகிறோம்!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட நற்செய்திப் பணி ஏடு, செல்லும் நாட்டின் மொழியையும் மரபையும் முன்கூட்டியே கற்பித்து அனுப்புமாறு பணிக்கிறது. பல சபைகள் அதைச் செய்கின்றன. திண்டுக்கல்லை அடுத்த நொச்சியோடைப்பட்டியில் கப்புச்சின் சபையார் நடத்தும் அனுகிரகா போன்ற ஆற்றுப்படுத்தும் நிலையங்களில் துறவியரும் பயிற்சி பெறுகின்றனர். உளநல மருத்துவரிடம் செல்வது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் மேலிடத்தில் குறைந்து வருகிறது. குறையாதிருப்பது நம் வீட்டுத் திண்ணைகளில். பணித்தளத்திலிருந்து ஓய்வுக்காகத் திரும்பும் மகளை, ஏன் வந்தாள், எப்போது போவாள் என்று கேட்டுத் துளைப்பவர்கள் மேலதிகாரிகள் அல்லர், நாம்தான். ஒருமுறை மயிலைக்கு வந்து நான்கு மாதம் தங்கிய சவேரியாரை, அந்தக் கொயெல்யோ அவ்வாறு கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

அந்த அருள்சகோதரிக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய சபைத் தலைவி பொறுமையுள்ளவர். நகரத்து மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். மாத்திரைகளும் சில மாத ஓய்வும் வாரமொருமுறை உரையாடலும் தொடர்ந்தன. மலைநாட்டு மொழி வசப்படாத இரண்டு ஆண்டுகளில், நோயாளிகள் தம் கண்முன்னே சாவதைப் பார்த்துக்கொண்டு, ஆறுதல் சொல்லக்கூடச் சொல் இல்லாமல் நின்றதைப் பற்றி அவர் மெல்லப் பேசத் தொடங்கினார். ஒருநாள் அவரிடம் புன்னைக்காயல் மடலைப் பற்றிச் சொன்னோம். சவேரியாரா, அவரா அப்படி எழுதினார் என்று இருமுறை கேட்டார். பிறகு சிரித்தார். அவர் ஊர் வந்தபின் நாம் கேட்ட முதல் சிரிப்பு அது.

சவேரியாரின் கதையில் இன்னும் ஒரு மடல் மீந்திருக்கிறது. 1553 ஜூன் 28 அன்று இஞ்ஞாசியார் உரோமையிலிருந்து அவருக்கு எழுதினார். ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைக்கும் மடல் அது. அதை எழுதும்போது சவேரியார் இறந்து ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆகிவிட்டிருந்தன. செய்தி உரோமையை எட்டவில்லை.

இன்று செய்திகள் நொடியில் எட்டுகின்றன. சென்ற ஜூன் மாதம் அருள்சகோதரி மீண்டும் மலைநாட்டுக்குப் புறப்பட்டார். இம்முறை ஓராண்டு மொழிப்பயிற்சிக்கு மட்டும், உடன் மற்றொரு சகோதரியோடு. சென்ட்ரல் நிலையத்தில் வழியனுப்பச் சென்றபோது கைப்பேசி எண்ணைக் கேட்டோம். மலையில் பெரும்பாலும் அலைவரிசை கிடைக்காது, கடிதமே எழுதுங்கள் என்று ஒரு தாளில் முகவரியை எழுதித் தந்தார். கீழே கையொப்பமும் இட்டிருக்கிறார். அஞ்சல் குறியீட்டு எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் ஒன்றா ஏழா என்று தெளிவாக இல்லை. கன்னியர் மடத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.